செட்டில் ஆயாச்சா?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "பையன் செட்டில் ஆயிட்டானா?" பெண்ணின் ஆயா கேட்டால் கிரீன் கார்டு உண்டா என்று அர்த்தம். அப்பச்சி கேட்டால் சம்பளம் எவ்வளவு என்று அர்த்தம். பெண்ணே கேட்டால் தனிக்குடித்தனமா என்று அர்த்தம். பையனின் சிநேகிதன் கேட்டால், போன மாதம் வாங்கிய கைமாற்று ஞாபகம் இருக்கிறதா என்று அர்த்தம்.

இங்கிலீஷ்காரனுக்கு இந்தச் சொல் நாற்காலியில் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றால் இருக்கை. முதுகு உயர்ந்த மர பெஞ்சுக்கு அங்கே செட்டில் என்றே பெயர். நம் 'சதஸ்', 'உபநிஷத்' இரண்டிலும் இருக்கிற 'சத்' என்ற வேரும் உட்காருவதைக் குறிப்பது, இதற்குத் தாயாதி முறை. ஆக, குருவின் காலடியில் உட்கார்ந்தவனும் கலிபோர்னியாவில் உட்கார்ந்தவனும் ஒரே வேரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்மிடம் இந்தச் சொல் பார்க்கிற வேலைக்கெல்லாம் தனித்தனி ஆள் இருந்தது. கடனைத் தீர்த்தோம், கணக்கை நேர் செய்தோம், வழக்கைப் பைசல் பண்ணினோம், சம்பந்தத்தைப் பேசி முடித்தோம், ஊரில் குடியேறினோம். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு 'செட்டில்' ஒருவரையே வைத்துக்கொண்டோம், எடுபிடிக்குப் 'பண்ணு'. அவர் பத்திர ஆபீஸிலும் வேலை பார்க்கிறார். அப்பா மகனுக்கு வீட்டை எழுதிவைத்தால் அது 'செட்டில்மெண்ட்' பத்திரம். சண்டையில்லாமல் எழுதப்படுவது, சண்டை பிறகுதான் ஆரம்பிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், செட்டிநாடு செட்டில் ஆகாமலே சம்பாதித்த சீமை. 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. பெயரிலேயே செட்டில்மெண்ட் இருந்தும், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் (இந்தச் சீமையின் செட்டியார்கள்) அங்கே செட்டில் ஆக அவசரப்படவில்லை. முதலாளிக்காக அங்கே கடை நடத்திய மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. கிட்டங்கி என்ற பொதுக் கடைவீட்டில் ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் அதுவே கடை, ராத்திரி அதுவே படுக்கை. தவணை முடிந்தால் ஐந்தொகை போட்டு, அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல். சம்பாதித்த காசு பர்மாத் தேக்குத் தூணாக இங்கே வந்து நின்றது.

மற்றவர் கணக்கையெல்லாம் நேர் செய்தவர்களுக்கு, சொந்தக் கணக்கு பர்மாவில் மாட்டியது. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. இவர்களிடம் கடன் வாங்கிய குடியானவரால் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி வயல் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. பணத்தைக் கேட்டார்கள், வயல் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். பர்மா சுதந்திரம் வாங்கியபின் நில தேசியமயச் சட்டம் வந்தது. இழப்பீட்டுத் தொகையைக் கண்ணில் காணாமலே போய்ச்சேர்ந்தவர்கள் ஏராளம்.

வீட்டுக்குள் செட்டில் செய்வதில் மட்டும் எங்கள் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்'. அதே வீடு, அதே வளவு. ஆனால் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. நகரக் கோயில் வரிக்கு அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி', அதாவது தனிக் குடும்பக் கணக்கு. மாமியார் மருமகளை எட்டிப் பார்க்கலாம், அவள் குழம்பை எட்டிப் பார்க்கக் கூடாது. எத்தனையோ குடும்பநல கோர்ட்டுகள் செய்யவேண்டிய வேலையை ஒரு தனி அடுப்பு செய்திருக்கிறது.

இப்போது பங்காளிகள் சிட்னியிலும் டல்லாஸிலும் செட்டில். அவர்கள் விட்டுப்போன வீடுதான் செட்டில் ஆகவில்லை. ஓடு மாற்றக்கூட எல்லாப் பங்குக்காரர் சம்மதமும் வேண்டும். பதினேழு பேர் சரி என்றால் பதினெட்டாமவர் போனை எடுக்கமாட்டார். மழை யார் சம்மதமும் கேட்காமல் வளவில் இறங்குகிறது.

ஆகவே பெண் வைத்திருப்பவர்களே, "செட்டில் ஆயிட்டானா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கடன் தீர்ந்ததா, வேலை நிலைத்ததா, பங்காளி வழக்கு முடிந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் "ஆச்சு" என்று பதில் வந்தால், பையனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும்.