பெரணியும் பெருக்குமாறும்: ஓர் ஆய்வு

பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் விடை காணப்படாத அறிவியல் சிக்கல் ஒன்று உண்டு. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கவட்டில், நட்டவர் இல்லாமல், நீர் ஊற்றுவார் இல்லாமல், லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பறவைக்கூட்டுப் பெரணி பந்தல் போல விரிகிறது. அதே பெரணி கடைவீட்டு முன்புறக் கூரை நடைபாதையான ஐந்தடியில், பூப்போட்ட பீங்கான் தொட்டியில், இருவேளைக் கவனிப்போடு இளைத்துக் கருகுகிறது. வெளிச்சப் பிழை என்பார் கூற்று நிற்காது. நேர்வெயில் படாத, ஆனால் இருட்டில்லாத ஐந்தடி நிழலைத்தான் இச்செடி கேட்கிறது. ஈரப் பஞ்சம் என்றால் பினாங்கு மழையே சிரிக்கும். எஞ்சியிருக்கும் குற்றவாளி ஒன்றுதான்: பெருக்குமாறு.

சான்றுக்கு வருவோம். இச்செடி மரத்தின்மேல் தொற்றி நிற்குமே தவிர அதன் சாற்றை உறிஞ்சாது. இலைகளைக் கூடை போல வட்டமாக ஏந்தி, மேலிருந்து விழும் சருகைப் பிடித்து, மக்கவிட்டு, அந்த மக்கில் வேரோட்டிப் பிழைக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்குக் கூடு என்று பொருள்படும் ‘நைடஸ்’ என்ற பெயரை இட்டார். அது மரியாதைக்குச் சொன்னது. உள்ளபடி சொன்னால் குப்பைத்தொட்டி. அந்தக் குப்பையின் மதிப்பு சாதாரணமன்று. போர்னியோவின் டானம் பள்ளத்தாக்குக் காட்டில் எல்வுட், ஃபாஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இப்பெரணிகளைப் பிரித்து எண்ணி 2004-இல் வெளியிட்ட முடிவு இது: பெரியவை 200 கிலோ வரை எடையுள்ளவை, மர உச்சியின் மற்றப் பகுதிகளில் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பூச்சி புழு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவும் பெரணிகளுக்குள்ளேயே உண்டு. இத்தனை பேர் உழைக்கும் உரத் தொழிற்சாலையைத்தான் நாம் ஐந்தடியில் காலைதோறும் கூட்டிச் சுத்தம் செய்கிறோம். போதாக்குறைக்கு இலையின் அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புக் கோடுகளை நோயென்று எண்ணி ஈரத்துணியால் துடைக்கிறோம். அவை வித்துகள் விளையும் இடம். துடைத்தது அதன் வம்சத்தை.

மறுப்புகள் இரண்டு. சருகு சேர்ந்தால் கொசு வரும் என்பது முதலாவது. டெங்கி உள்ள ஊரில் அலட்சியம் செய்யக் கூடாததுதான். ஆனால் சருகும் வேரும் பின்னிய அந்தக் கூடை பஞ்சு போல நீரை உறிஞ்சும், குளமாகத் தேக்காது. கொசு தேடுவோர் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டைப் பார்க்கட்டும். இரண்டாவது மறுப்பு மலாய் மரபிலிருந்து வருவது. மலாய்க்காரர்கள் இப்பெரணியை ‘பாக்கு லங்சுயிர்’ என்பார்கள். (நம் வெற்றிலைப் பாக்குக்கு உறவில்லை, மலாயில் பெரணிக்கும் ஆணிக்கும் ‘பாக்கு’ என்றே பெயர்.) பிள்ளைப்பேற்றில் இறந்தவளின் ஆவியான லங்சுயிர் அதில் குடியிருக்கிறாளாம், செழிப்புக்கு அவளே காரணம் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானால் ஐந்தடித் தொட்டிக்கு அவள் ஏன் குடிவரவில்லை? படுக்கச் சருகில்லை என்பது பதிலானால், அவளும் என் கட்சிக்கே சாட்சி.

ஆதலால் ஐந்தடிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: களிமண்ணைக் கொட்டிவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுகளில் நடுங்கள், நாளை வாசலில் கூட்டிய சருகில் ஒரு கைப்பிடியை, நடுக்குருத்தை மூடாமல், இலைக் காம்புகளின் இடுக்கில் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.