பேய்க்குப் பந்தல் போடும் பேத்திக்கு

தாயி, கல்யாண டின்னரை ஹாலோவீன் மாதிரி ஜோடிக்கப் போறேன்னு நீ சொன்னதுலேர்ந்து உங்கம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே இருக்கா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கல்யாணத்துக்கு வர்ற நம்ம சொந்தக்காரங்களை எத்தனையோ வருஷமாப் பாத்தவன் நான். அவங்களுக்குப் பேய் எவ்வளவோ தேவலை. மொய் எழுதாது, சரி. ஆனா சாம்பார்ல உப்பு இல்லைன்னு மண்டபம் பூராச் சொல்லிக்கிட்டும் திரியாது.

நாளும் மோசமில்ல. அக்டோபர் 31, சனிக்கிழமை. ஐப்பசி, ஆடி புரட்டாசி மாதிரி ஒதுக்கிவைக்கிற மாசமில்ல. தேய்பிறைன்னு பஞ்சாங்கம் சொல்லுது. உன் விருந்தாளிகளுக்கு இருட்டுத்தானே வசதி. ஆனா எட்டாம் நாள், நவம்பர் 8, தீபாவளி. அந்த நேரத்துல லிட்டில் இந்தியாவுல பூ வாங்கப் போனா நிஜமாவே பேயறைஞ்ச மாதிரிதான் திரும்பி வருவே. 2024-ல ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாள்ல வந்துச்சு, ஞாபகமிருக்கா? டத்தோ கிராமாட்ல நம்ம ஃபிளாட்ல ஒரு வாசல்ல கோலம், பக்கத்து வாசல்ல எலும்புக்கூடு. எந்த வீட்டுல முறுக்கு கிடைக்கும்னு பிள்ளைங்களுக்குக் குழப்பமே வரல.

உங்கம்மாவுக்கு நான் சொன்ன சமாதானம் ஒண்ணுதான். முதல் பேய்க் கல்யாணம் கைலாசத்து மாப்பிள்ளையோடது. உடம்பெல்லாம் சாம்பல், கழுத்துல பாம்பு, மாப்பிள்ளை ஊர்வலத்துல பூதகணம். அந்தக் கோலத்தைப் பாத்து மாமியார் மேனை மயங்கி விழுந்ததா சிவபுராணத்துலயே இருக்கு. அதுக்காகக் கல்யாணம் நின்னா போச்சு? காரைக்கால் அம்மையார் கதையையும் எடுத்தேன். புருஷனே கால்ல விழுந்ததும், இந்த அழகு இனி எதுக்குன்னு பேய் உருவம் கேட்டு வாங்கிக்கிட்ட அம்மா அவங்க. உங்கம்மா வாயைப் பொத்திட்டா: "மாமா, மாப்பிள்ளை வீட்டுல இதைச் சொல்லித் தொலைச்சுடாதீங்க." நீயும் சொல்லாதே.

2022 பிப்ரவரியில கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்துல ஒரு ஜோடி, தாலியை ஊர்ல கட்டிட்டு, வரவேற்பை மெட்டாவெர்ஸ்னு கம்ப்யூட்டருக்குள்ள வெச்சுது. ஹாரி பாட்டர் படத்துல வர்ற பள்ளிக்கூடம் மாதிரி மாளிகை. பொண்ணோட இறந்துபோன அப்பாவை உருவமாச் செஞ்சு அதுல நிக்க வெச்சாங்க. படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது. அப்படி ஆவியையே அழைச்சவங்க இருக்காங்க. நீ அட்டையில வவ்வால் வெட்டப் போறே. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?

இப்ப காசுக்கு வருவோம். ஐந்நூறு வெள்ளிக்குள்ள முடிக்கிறேன், எல்லாம் நானே செய்றேன்கிறே. கல்யாணப் பொண்ணு "நானே செய்றேன்"னா, உங்கம்மாவும் ரெண்டு சித்தியும் விடிய விடிய கத்திரிக்கோலோட உக்காந்திருப்பாங்கன்னு அர்த்தம். அவங்களுக்குக் கூலி இல்ல, அதனால கணக்குல வரல. ரெண்டு வெள்ளிக் கடைக்குப் போனா பிளாஸ்டிக் சிலந்தி மலிவுதான். ஆனா மேசைக்கு நாலு வெச்சு, மேசையையெல்லாம் எண்ணிப் பெருக்கிப் பாரு. மறுநாள் அவ்வளவும் குப்பைத்தொட்டிக்கு. அதனால மேசையை விட்டுடு. ஜனங்க போட்டோ எடுக்கிறது மூணே இடம்: வாசல், மணவறை, மொய்மேசை. கைவேலை பூராவும் அங்க காட்டு. மிச்ச இடத்துல விளக்கைக் குறைச்சுடு. இருட்டைப் போல மலிவான ஜோடனை உலகத்துலயே கிடையாது. சோறு பரிமாற இடத்துல மட்டும் நல்ல வெளிச்சம் வேணும். மட்டன் எது, கத்திரிக்காய் எதுன்னு தெரியாட்டி நம்மாளுங்களே பேயா மாறிடுவாங்க.

அடுத்தது பூசணி. சூப்பர்மார்க்கெட்ல அந்த மாசம் கப்பல்ல வந்த ஆரஞ்சுப் பூசணியை வரிசையா அடுக்குவான். விலையைக் கேட்டுட்டுத் தொடாம வந்துடு. சௌராஸ்தா பசார்ல லாபுன்னு நம்மூரு பரங்கிக்காய் இருக்கு. பச்சையும் பழுப்புமா, வரிவரியா, பாக்க அதுவே பாதிப் பேய். கண்டிப்பா ஆரஞ்சுதான் வேணும்னா பிள்ளைங்க பெயிண்ட்டை எடுத்துப் பூசு. முழுக்காயா ரெண்டு வாரம் முன்னாடி வாங்கி நிழல்ல வெச்சா ஒண்ணும் ஆகாது. குடைஞ்சதுக்கப்புறம்தான் வினை. நம்மூரு வெக்கைக்கும் ஈரத்துக்கும் ரெண்டு மூணு நாள்ல பூசணம் பூத்து, கண்ணு உள்ள போயி, வாய் இளிச்சு, வாடை வரும். முதல்நாள் சாயங்காலம் குடை. மேல வெட்டாதே, அடியில வெட்டு. மேல வெட்டின மூடி சுருங்கி உள்ள விழுந்துடும். கரண்டியால நாரையும் விதையையும் சுரண்டித் துணியால ஈரத்தை ஒத்தி எடு. உள்ள மெழுகுவத்தி வேணாம், பொத்தான் பேட்டரி விளக்கு போதும். அடி திறந்திருக்குல்ல, விளக்கை வெச்சு மேல கவுத்திடலாம். வழிச்ச சதை பாட்டிகிட்டப் போகட்டும், கூட்டுக்கு ஆகும். விதையை வறுத்து நான் தின்னுக்கிறேன்.

அயர்லாந்துக்காரன் ஆதியில குடைஞ்சது டர்னிப் கிழங்கு. அமெரிக்கா போனபிறகுதான் பூசணியைப் பிடிச்சான், பெருசு, குடையச் சுளுவு. கிடைச்ச காயில மூஞ்சி வெட்டிக் கெட்டதை விரட்டினான், அவ்வளவுதான். நாம மட்டும் என்ன செய்றோம்? வெள்ளைப் பூசணியில மீசையும் கோரப்பல்லும் எழுதிப் புதுவீட்டு முகப்புல தொங்கவிடுறோம். திருஷ்டிக்கு ஓட்டை போட்டு உள்ள குங்குமத்தைக் கொட்டி, மேல சூடம் கொளுத்திச் சுத்துறோம். எரியுது, உள்ள சிவப்பு, முகத்துல முழி. இதை விட்டுட்டு பிளாஸ்டிக் தலைக்கு நீ காசு கொடுக்கணுமா? மண்டப வாசல்ல நாலு வெள்ளைப் பூசணியை வெச்சு, கரியில முழி, குங்குமத்துல நாக்கு வரைஞ்சு விடு. ஹாலோவீன்னு உன் கூட்டாளிங்க கைதட்டுவாங்க; பரவாயில்ல, புள்ள திருஷ்டி கழிக்குதுன்னு உன் மாமியார் மெச்சுவாங்க. ஒரே காய், ரெண்டு பக்கமும் நல்ல பேரு.

ரத்தம் வேணும்னு எழுதி வெச்சிருக்கியே, பாட்டில்ல விக்கிறான்னு. அடி பைத்தியம், ஆரத்தி எதுக்கு இருக்கு? தண்ணியில மஞ்சத்தூளைக் கரை, சுண்டுவிரல் நுனியில சுண்ணாம்பு எடுத்துக் கலக்கு. கண்ணு முன்னால மஞ்சள் அப்படியே சிவந்து ரத்தமா நிக்கும். கண்ணாடிச் சீசாவுல ஊத்தி மொய்மேசையில வரிசையா வை. வெள்ளைத் துணியில சிந்தினா கறை போகாது, மண்டபக்காரன் முன்பணத்துல கழிச்சுக்குவான். ஜூஸ்னு நெனைச்சு எவனும் குடிச்சிடாமலும் பாத்துக்க. குடிக்கிறதுக்கு ரோஸ் சிராப் கரைச்சு பிஜி செலாசே போடு. அதான், ஊறினதும் தவளைமுட்டை மாதிரி மெதக்குமே அந்த விதை. டின் லைச்சி ஒவ்வொண்ணுலயும் ஒரு கறுப்புத் திராட்சையைச் சொருகினா, கிண்ணத்துலேர்ந்து கண்ணு உன்னையே பாக்கும்.

அதைவிட நல்லது ஒண்ணு பாலிக் புலாவ்ல இருக்கு. ஜாதிக்காய். பழுத்ததைப் பிளந்து பாத்திருக்கியா? வெளிறின சதைக்குள்ள பளபளன்னு கறுப்பு விதை. அதைச் சுத்தி ரத்தச் சிவப்புல பத்திரி, விரலைப் பரப்பி நெஞ்சுக்குலையை இறுக்கிப் பிடிச்ச மாதிரி. எந்த ஹாலிவுட்காரனும் அப்படி ஒரு பேய் இதயத்தைச் செய்ய முடியாது. அன்னிக்குக் காலையில பிளந்தாத்தான் அந்தச் சிவப்பு. காயக் காய மங்கி மஞ்சளாப் போயிடும். ஒரு வெத்தலைத் தட்டுல பத்துப் பழம் போதும். சதையை எறியாதே, ஊறுகாய்க்கு ஆகும்.

தேங்காய்க்கு மூணு கண்ணு கடவுளே வெச்சது. பசார்ல சந்தான்னு தேங்காய்ப்பால் பிழியிற கடையில கொட்டாங்கச்சியைக் குவிச்சு வெச்சிருப்பான். சிரிச்சுக் கேட்டா சும்மா கொடுப்பான், நீ கேளு, நான் கேட்டா காசு கேப்பான். கண்ணுள்ள பாதியா பொறுக்கி, ஆணியால குத்தித் திறந்து, பின்னால விளக்கை வெச்சா சுவர்ல மூணு கண்ணு முழிக்கும். காய்ஞ்ச தென்னை ஓலையைக் குட்டையா நறுக்கித் தொங்கவிட்டா விலா எலும்பு. குருத்தோலைத் தோரணம் நான் பின்னித் தர்றேன். சுங்கை பாகாப் தோட்டத்துல இருந்த காலத்துல லயத்துக் கல்யாணம் எல்லாத்துக்கும் நான்தான் தோரணம். கிளி, வெட்டுக்கிளிக்குப் பதிலா உனக்குப் பாம்பும் தேளும் மடிச்சுத் தர்றேன். ஈரச்சாக்கு போத்தி வெச்சா மறுநாள் வரைக்கும் வாடாது. பந்தல் கம்பி, சீரியல் லைட்டுக்கெல்லாம் வாடகை கொடுக்காதே. தைப்பூசத்துக்கு நம்ம டத்தோ கிராமாட் சாலையில ரதம் வர்றப்போ தண்ணீர்ப்பந்தல் போடுற பசங்ககிட்ட எல்லாம் இருக்கு. ஆளுக்கு ஒரு பிரியாணி.

சூனியக்காரி வெளக்குமாத்தை மட்டும் வாசல்ல சாத்தாதே. உன் மாமியார் அதைத் தனக்குன்னு எடுத்துக்குவாங்க.

வாழைமரத்தைக் கட்டாம விட்டுடாதே. காலையில கோயில்ல கட்டினதை அவுத்து ராத்திரி மண்டபத்துக்குக் கொண்டு வா. மலாய்க்காரங்க கதையில பொந்தியானாக்குங்கிற பெண்பேய் குடியிருக்கிறதே வாழையிலதான். நாம மங்களம்னு கட்டுறோம்; மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்காரி அதைப் பாத்தா வேகமா நடப்பா. 1957-ல வந்த 'பொந்தியானாக்' படத்தை எடுத்ததே பி. என். ராவ்னு இந்தியாவிலேர்ந்து வந்த ஒரு டைரக்டர்தான். நம்மாளுக்கும் அந்தப் பேய்க்கும் பழைய பழக்கம்.

புகைக்கு மெஷின் வேணாம், சாம்பிராணி போடு. ஆனா மண்டபத்து மேனேஜரை முன்கூட்டியே கேட்டுக்க. கூரையில புகை மணி இருந்தா அது அலறி, மாப்பிள்ளை தாலி கட்டின அன்னிக்கே கூட்டத்தோட வெளியே ஓடுவாரு.

இனி விருந்தாளிங்க. சீனக் கூட்டாளிங்க வர்றாங்கல்ல? சாமிச் சாமான் கடையில மலிவா இருக்குன்னு வெள்ளைக் காகித விளக்கை வாங்கித் தொங்கவிடாதே. அது அவங்க இழவு வீட்டு அடையாளம். கறுப்புத் திரையும் வெள்ளை விளக்கும் பாத்துட்டு, கொண்டு வந்த சிவப்பு அங்பாவை உள்ள வெச்சு, வெள்ளை உறையில பெக் கிம்னு இழவுக் காசு போட்டு நீட்டிடுவாங்க. காசு காசுதான், வாங்கிக்கலாம். ஆனா கும்பிட்டுட்டு "துக்கம் விசாரிச்சோம்"னு போவாங்க. அவங்ககிட்டக் கத்துக்க வேண்டியது வேற: ஏழாம் மாசத்துப் பேய்த் திருவிழாவுக்கு மூங்கில் சிம்பும் காகிதமும் மட்டும் வெச்சே ரெண்டு ஆள் உசரத்துக்கு தாய் சூ யா பொம்மையை நிக்க வைக்கிறாங்களே, அந்த வேலை. சிம்பைக் கட்டி, பழைய நியூஸ்பேப்பரை மாவுப்பசையில ஒட்டினா மணவறைக்குப் பின்னால ஒரு கோட்டையே எழுப்பலாம். அந்த மாசக் கூத்துல முன்வரிசை நாற்காலியைப் பேய்க்குன்னு காலியா விடுவாங்க. நீயும் விடு, கடைசி நேரத்துல சொல்லாம வர்ற பெரியப்பா குடும்பத்துக்கு ஆகும்.

மாடி வீட்டு மக்சிக்கை ராத்திரிக்கு வற்புறுத்தாதே. முஸ்லிம்கள் ஹாலோவீன் கொண்டாடக் கூடாதுன்னு 2014-லயே தேசிய பத்வா மன்றம் சொல்லியிருக்கு. பாவம், வரவும் முடியாம, வராம இருக்கவும் முடியாமத் தவிக்கும். வேற ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடு. உன்னைத் தூக்கி வளர்த்த மனுஷி.

மொய்ப்பெட்டியை சவப்பெட்டி மாதிரி செய்யணும்னு உன் ஆசை. செய். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். மூடியில ஓட்டை சின்னதா இருக்கட்டும், அடியை ரெண்டு சுத்து டேப் போட்டு ஒட்டு, பக்கத்துல என் நாற்காலியைப் போடு. வேஷம் எதுவும் எனக்கு வேணாம். இந்த மூஞ்சி போதும்.

தாலி காலையில, கோயில்ல, மஞ்சள் கயித்துல. அதுல மட்டும் உன் கறுப்பு வேலையைக் காட்டாதே. அதுக்கு மேல ராத்திரி நீ எப்படி வந்தாலும் உங்கம்மாவை நான் பாத்துக்கிறேன்.

எல்லாம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்தி, அந்த வெள்ளைப் பூசணியை நடுரோட்டுல போட்டு உடைக்கச் சொல்லுவாங்க. ஓரமா உடைக்கச் சொல்லு, உடைச்ச கையோட கூட்டி அள்ளச் சொல்லு. ராத்திரியில பூசணிச் சதை மேல மோட்டார் சைக்கிள் ஏறினா வழுக்கும். வேலை முடிஞ்சு வர்ற எவன் வீட்டுப் பிள்ளையோ விழக் கூடாது.