தூண்டில் விரதம்

எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதேனும் ஒரு மலை கண்ணில் படுகிற சேலம் மாநகரில், அதிலும் செல்வந்தர் குடியிருப்பான ஃபேர்லேண்ட்ஸில், சமுத்திரத்தோடு ஜென்மாந்தர சம்பந்தம் கொண்டவர் எவரும் இருக்க நியாயமில்லை. ஆயினும், மாதத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கே எழுந்து, துப்பாக்கியைப் போல உறையிட்ட தூண்டிற்கோலைக் காரில் ஏற்றி, ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்தி சாயும் வரை நின்றுவிட்டு, ஒரு மீனும் இல்லாமல் மலர்ந்த முகத்தோடு வீடு திரும்பும் ஒரு வகையினர் அங்கே உண்டு.

இவர் பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலையைப் பிள்ளைகள் வசம் ஒப்படைத்துவிட்டவர். "1934-இலேயே கட்டி முடித்த மேட்டூர் அணை பக்கத்தில் இருக்க, இத்தனை தூரம் போவானேன்?" என்று கேட்டால், வாய்ப்பாடு மறந்த பிள்ளையைப் பார்க்கும் வாத்தியாரைப் போல நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். "அங்கே ஜிலேபி மீன் வெறும் முள்ளையே கவ்வுமுங்க. அது மீன் பிடிக்கறதா, மளிகை வாங்கறதா?"

உபகரணங்களில் குறைவில்லை. சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்த ரீல் இருக்கிறது. மூன்றடுக்குப் பெட்டி நிறைய முள்ளும் தக்கையும் ஈயக்குண்டும் இருக்கின்றன. இரைதான் சுதேசி. சொந்த ஆலையின் மரவள்ளி மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி, முள்ளின் நுனி வெளியே தெரியாதபடி பொதிந்து, மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து திருப்தியடைந்த பிறகே வீசுவார். மரவள்ளியின் ருசியைப் பரம்பரையாக அறியாத கடல்மீன்கள் அதைச் சீந்துவதில்லை. இரண்டு அலைக்குள் உருண்டை கரைந்துபோக, அப்புறம் ஒரு மணி நேரம் வெறும் முள்ளுக்குத்தான் காவல். பத்தடி தள்ளி, தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, இறால் துணுக்கால் கிழங்கான் மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போடும் குப்பத்துச் சிறுவனுக்கு மனசு கேட்பதில்லை.

"ஐயா, இறாலு தரட்டுமா? மாவு கரைஞ்சிடும்யா."

"வேண்டாந் தம்பி, நமக்கு இதே போதும்."

இவ்வாறு சும்மா நிற்கிற வேளையில் அவருக்குச் சரித்திர ஞானம் பொங்கும். பாழடைந்த செயின்ட் டேவிட் கோட்டை இருக்கும் திசையைக் காட்டி, "1758-லே பிரெஞ்சுக்காரன் லாலி வந்து இந்தக் கோட்டையையே பிடிச்சுட்டானுங்க, எனக்கு ஒரு மடவை சிக்க மாட்டேங்குது!" என்று சொல்லிவிட்டுத் தாமே உரக்கச் சிரிப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான் என்று எத்தனை எடுத்துச் சொன்னாலும், அந்த 61 நாளும் தூண்டிலைத் தொடுவதில்லை என்பது அவருடைய விரதம். அவர் தூண்டிலால் மீனினத்துக்கு இதுவரை ஆகாரம் கிடைத்திருக்கிறதே ஒழிய அபாயம் நேர்ந்ததில்லை என்பதை, கூடப்போய் வந்தவன் என்ற முறையில், நான் சத்தியம் செய்வேன்.

ஒரே ஒரு தடவை, என் கண்ணெதிரே, தக்கை விசுக்கென்று அமிழ்ந்தது. மனிதர் முகம் வெளுத்து, ரீலை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் கைநடுங்கி, "தம்பீ! தம்பீ!" என்று அந்தச் சிறுவனைக் கூப்பிடுவதற்குள் நரம்பு அறுந்துவிட்டது. அப்போது அவர் விட்ட பெருமூச்சை, மகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்ட தகப்பனிடத்தில்தான் நான் கண்டிருக்கிறேன்.

கடைமீனை வாங்கிப் போய் வீட்டில் கதையளக்கும் ஈனத்தனம் மட்டும் அவரிடம் கிடையாது. திரும்பும் வழியில் பண்ருட்டியில் காரை நிறுத்தி, பலாக் காலமானால் பலாச்சுளையும், இல்லாவிட்டால் முந்திரிப்பருப்புமாகக் கூடையை நிரப்பிக்கொள்வார். வீட்டு அம்மையாரும் மீன்குழம்புக்கு மாங்காய் வாங்கிவைப்பதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. அவருடைய ஐந்து வயதுப் பேத்தி அந்தக் கூடையை முந்திரிக்கூடை என்றுதான் சொல்கிறாள்.