ஐடிலிங் இயல்: சிக்னலில் நடுங்கும் எஞ்சின் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கார் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை. இந்நிலைக்கு ஐடிலிங் என்று பெயர். பட்டறை வழக்கில் ஸ்லோ ஸ்பீடு. சென்னையில் கார் வைத்திருப்பவர் ஆயுளில் பாதியை இந்நிலையில்தான் கழிக்கிறார். அப்படியிருந்தும் இதற்கென்று ஓர் இலக்கண நூல் இல்லாதது நம் புலமை மரபுக்கு அழகல்ல.

எடுத்துக்கொண்ட மூலப்பிரதி 1997இல் பிறந்தது. மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர். எனக்கு முன் மூன்று பேர் கையில் இருந்திருக்கிறது. மூவரும் ஆளுக்கோர் இடைச்செருகல் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நோய்க்குறிகள் இவை. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றதும் கியர் லீவர் தலையாட்டத் தொடங்கும். டேஷ்போர்டுப் பிள்ளையார் மெல்ல இடப்பக்கம் நகர்வார். கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஒரே மாநகரப் பேருந்து இரண்டாகத் தெரியும். பச்சை விழும் நேரம் பார்த்து எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு அணையும்.

இனி முன்னோர் கூற்று. எலக்ட்ரீஷியன் பிளக் என்றார். கார்ப்பரேட்டர் சர்வீஸ்காரர் ஜெட்டில் அடைப்பு என்றார். மூன்றாமவர் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போச்சு என்றார். பெட்ரோலில் கலப்படம் என்மனார் மாமனார். அவரவர் கடையில் என்ன இருந்ததோ அதுவே என் வண்டியில் கெட்டிருந்தது என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். மாமனாருக்குக் கடை இல்லை. ஆகவே அவர் கூற்று மட்டும் செலவில்லாமல் முடிந்தது.

நான்காமவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்பீடு திருகை இரண்டு சுற்று ஏற்றிவிட்டார். நிமிடத்துக்கு 900 சுற்றில் நடுங்கிய எஞ்சின் 1,400இல் நடுங்கவில்லை. மைலேஜும் அன்றோடு போயிற்று. களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்பதை இன்று பலர் ஒப்புவதில்லை. என் காரின் வரலாற்றில் திருகு ஏறிய அந்த எட்டு மாதத்தைப் பற்றி அப்படி இரண்டு கருத்துக்கு இடமில்லை.

கோட்பாடு எளியது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும். ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கிடக்கும். உறிஞ்சினாலும் காற்று வராது. அதனால் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சினில் இது 18 முதல் 22 அங்குலப் பாதரசம். வளிமண்டலத்தின் மொத்த அழுத்தமே சுமார் 30 அங்குலம்தான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது விதி. கார்ப்பரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றுக்கு மட்டுமே பெட்ரோல் அளக்கும். அதைத் தாண்டி ஓர் ஓட்டை இருந்தால், அங்கே நுழையும் காற்று டெர்மினஸில் டிக்கெட் வாங்காமல் நடுவழியில் தொற்றிய பயணி. கண்டக்டர் கணக்கில் அவர் இல்லை. கலவை நீர்த்துப்போய் ஏதாவதொரு சிலிண்டர் மிஸ் அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கதவு திறந்து பெருங்கூட்டமே உள்ளே வரும். அதில் இந்த ஒருவர் தெரியமாட்டார். ஓடும்போது நல்ல பிள்ளையாக இருப்பதன் ரகசியம் இதுவே.

இத்தனை பேர் தேடியும் கிடைக்காததற்குத் தத்துவக் காரணம் உண்டு. அவர்கள் தேடியது கெட்டுப்போன ஒரு பொருளை. கெட்டிருந்ததோ ஓர் இல்லாமை. வைசேடிகர் இதை முன்பே உணர்ந்து, இன்மையையும் ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாரும் பட்டறை வைக்கவில்லை.

இலக்கணச் சிக்கலும் இருக்கிறது. ஓட்டை எழுப்பும் ஒலி 'ஸ்ஸ்ஸ்'. ஒற்றளபெடைக்கு நன்னூல் பத்து மெய்களையும் ஆய்தத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஸகரம் அதில் இல்லை, அது கிரந்தம் வேறு. இலக்கணம் மறுத்த ஒலி நம் மெக்கானிக்குகள் காதில் விழாததில் வியப்பில்லை.

ஐந்தாமவர் பாய். அவர் செய்த முதல் காரியம் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கியது. நடுக்கம் திரும்பி வந்தது. "இப்பதான் சார் வண்டி உண்மையைப் பேசுது. ரேஸ் பண்ணாதீங்க, அப்படியே விடுங்க" என்றார். ஓஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பார்த்தார், மாற்றமில்லை. பிரேக் பூஸ்டர் ஓஸும் தப்பித்தது. கார்ப்பரேட்டர் அடிப் பேக்கிங்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தார். ஓட்டை இருந்தால் தண்ணீர் அடைத்து ஒரு கணம் எஞ்சின் சீராகும். ஆகவில்லை. ஊதுபத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்க்கும் இன்னொரு மரபும் உண்டு. பெட்ரோல் ஆவிக்கு நடுவே நெருப்பு கொளுத்தும் மரபு அது. அதன் வழிவந்தவர்கள் நெடுநாள் ஆய்வு செய்வதில்லை.

பிறகு பட்டறைப் பையன் இரண்டடி ஓஸ் ஒன்றைக் காதில் செருகி, மறுமுனையை மேனிஃபோல்டின் அடியில் நகர்த்திக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்றான். "பாய், இங்க காத்து இழுக்குது." கையை விட்டுத் தடவி விரலை வைத்தான். எஞ்சின் அடங்கியது.

அங்கேதான் இடைச்செருகல். ஏ.சி. போட்டால் ஐடிலிங்கை உயர்த்த, வெற்றிடத்தால் இயங்கும் சின்ன டயஃப்ரம் ஒன்று இருந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஒருவர் ஏ.சி.யைக் கழற்றியபோது அதுவும் போய், மேனிஃபோல்டில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு நிப்பிள் மிஞ்சியது. அதற்கு மாட்டிய ரப்பர் மூடி எஞ்சின் சூட்டில் வெந்து, கண்ணுக்குப் படாத அடிப்பக்கமாகப் பிளந்திருந்தது. மூடியைப் பிடுங்கி நிப்பிளில் நேரே விரல் வைத்தால் விரலைக் கவ்வியது. 'டப்' என்று இழுத்து எடுத்தான். நுனியில் வட்டமாகச் சிவப்புத் தடம். 1657இல் மாக்டெபர்க் நகரில் ஓட்டோ வான் கெரிக்கே காற்றகற்றிய இரு செம்பு அரைக்கோளங்களைப் பிரிக்கப் பதினாறு குதிரைகளைப் பூட்டினார். பையனுக்கு ஒரு குதிரையும் தேவைப்படவில்லை.

சிகிச்சை: ஒரு விரற்கடை ஓஸ், அதற்குள் ஒரு போல்ட், மேலே கிளிப். நாற்பது ரூபாய்.

அன்று மாலை நந்தனம் சிக்னலில் நின்றேன். லீவர் ஆடவில்லை, பிள்ளையார் நகரவில்லை, சத்தமே இல்லை. பச்சை விழுந்தது. வழக்கம்போல் அணைந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குச் சாவி திருகினேன். செல்ஃப் மோட்டார் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பிளக்கைப் பாருங்க சார்" என்றார்.