இரண்டாம் செவ்வாயும் முப்பத்தைந்து சதவீதமும்: அப்டேட்டில் உறையும் கணினி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மாட்டுக்கு மாட்டுவாகடம் இருக்கிறது. குழந்தைக்குப் பாலவாகடம் இருக்கிறது. அப்டேட் ஏறும்போது நட்டநடுவில் நின்றுவிடும் கணினிக்கு மட்டும் ஒரு வாகடம் எழுதப்படாதது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை. அக்குறையைப் போக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகளும், அவற்றைச் சுமந்து மூச்சு வாங்கும் டெஸ்க்டாப்புகளும் இவ்வாய்வின் எல்லை. லினக்ஸ் அன்பர்களிடம் கருத்து கேட்கப்படவில்லை. கேட்டால் விண்டோஸையே எடுத்துவிடச் சொல்வார்கள்; அது மருத்துவத்தில் சேராது, மதமாற்றத்தில் சேரும்.

கருதுகோள்கள் இரண்டு. ஒன்று: திரையில் தெரியும் சதவீதத்தை வைத்துக் கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இரண்டு: அது எதனால் பிழைத்தது என்பது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரியும், ஆனால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது.

2. நோய் தோன்றும் காலம்

பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடும் வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபரில் தொடங்கியது. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்போர் எந்நேரமும் பதறிக்கொண்டிராமல், நாள் குறித்துப் பதறுவதற்கு இந்த ஏற்பாடு உதவியது. வெளியிடும் நேரம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் காலை 10 மணி; அது நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமானால் 11.30. எனவே அமெரிக்காவின் செவ்வாய் நம் ஊர்க் கணினிகளுக்குப் பெரும்பாலும் புதனாகத்தான் வந்து சேர்கிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று முன்னோர் சொன்னது மாதத்தின் மற்றப் புதன்களைப் பற்றியே என்று கொள்க. 9ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையில் விழும் புதன் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த 2025 அக்டோபர் 14-உம் ஓர் இரண்டாம் செவ்வாயே என்பது நோக்கத்தக்கது.

எனினும் பெரும்பாலான இல்லங்களில் அந்தப் புதன் அமைதியாகவே கழிகிறது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பொருள்படும் பொத்தான் ஒன்று திரையில் இருப்பதே காரணம். அதை அமுக்கியவுடன் அப்டேட் போய்விட்டதாக நம் மக்கள் நம்புகின்றனர். அது போகவில்லை, தவணை வாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. தவணை தீரும் நாள் ஏதேனும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக அமைந்துவிட்டால், கணினிக்கு நம்மேல் ஏதோ பகை என்ற முடிவுக்கு வருகிறோம்.

3. சதவீதவியல்

1985இல் பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்று சோதித்து எழுதினார். காத்திருப்பவருக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்பது அதன் சாரம். 2007இல் கிறிஸ் ஹாரிசனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், முடிவை நெருங்க நெருங்க வேகமெடுக்கும் பட்டை சீக்கிரம் முடிந்ததாக மனத்துக்குத் தோன்றுகிறது. கடைசிக் கட்டத்தில் நின்று நின்று போகும் பட்டையோ வெறுப்பைக் கிளப்புகிறது.

விண்டோஸ் காட்டும் எண் இந்த இரண்டாம் வகைக்கு உதாரணம். அது நேரத்தின் சதவீதமன்று. செய்ய வேண்டிய படிகளில் எத்தனை முடிந்தன என்பதன் உத்தேசக் கணக்கு. ஒரு படியில் நாலைந்து கோப்புகள் இருக்கலாம், இன்னொரு படியில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும். சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி அதன் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருப்பதால், நொடிக்கு நூறு கோரிக்கையை நிறைவேற்றினாலே பெரிது. எஸ்எஸ்டியில் ஓடும் முள்ளும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் டீ ஆறுவதற்குள் முடியும் அப்டேட் நம் வீட்டில் சாப்பாட்டு வேளையைத் தாண்டுவதற்குக் கிரகநிலை காரணமன்று.

4. இரு பள்ளிகளின் மோதல்

இத்துறையில் காத்திருப்போர், அமுக்குவோர் என இரு பள்ளிகள் உள்ளன. முன்னவர், கணினியை அணைக்காதீர்கள் என்று திரையில் வரும் வாசகத்தை வேதவாக்காகக் கொள்பவர். மறுநாள் விடிந்தும் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னவர், எண் சற்றே நின்றாலும் பவர் பட்டனில் கட்டைவிரலை ஊன்றிவிடுவார். நான்கு நொடிக்கு மேல் அதை அழுத்திப் பிடித்தால் இயங்குதளத்தின் சம்மதத்தைக் கேட்காமலே இயந்திரம் அணைந்துவிடும்.

அந்த வாசகம் வெற்று மிரட்டல் அன்று. விண்டோஸால், தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் வேலையின் முக்கியமான பகுதி ரீஸ்டார்ட் நேரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடக்கும் ஆபத்தான நேரம் அதுதான். மறுபக்கம், அப்போது மின்சாரம் போனால் கதை முடிந்தது என்பதும் மிகை. அடுத்த முறை எழும்போது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுப் பழைய நிலைக்குப் போக அது முயலும், பெரும்பாலும் போயும்விடும். இப்படிப் பிழைத்த கணினிகளைக் காட்டியே அமுக்குவோர் பள்ளி ஆள் சேர்க்கிறது. பிழைக்காதவற்றின் உரிமையாளர்கள் சர்வீஸ் கடையில் நிற்பதால் விவாதத்தில் கலந்துகொள்வதில்லை.

5. எண்வகைத் தேர்வு

சித்த மருத்துவர் நோயாளியை நாடி, தொடுதல், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகையில் சோதிப்பார். இவற்றுள் ஐந்து கணினிக்கும் பொருந்துவதை இவ்வாய்வு கண்டறிந்துள்ளது.

நாடி என்பது கேபினெட்டின் முகப்பில் உள்ள ஹார்டு டிஸ்க் விளக்கு. ஒழுங்கில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. திரையில் எண் நகராவிட்டாலும் கைவைக்கக் கூடாது. நெடுநேரம் முற்றிலும் அணைந்தோ, இமைக்காமல் எரிந்துகொண்டோ இருந்தால் சந்தேகப்படலாம். விழி என்பது கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்கு. பட்டனைத் தட்டத் தட்ட அது எரிந்தணைந்தால் இயங்குதளத்துக்கு உயிர் இருக்கிறது. அப்டேட் நகர்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சியாகாது. மொழி என்பது டிஸ்க்கின் ஓசை. கரகரவென்ற முணுமுணுப்பு நலம். ஒரே தாளத்தில் டிக், டிக் என்று தட்டினால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது, முதலில் போட்டோக்களைக் காப்பாற்றுக. தொடுதலில், பின்பக்கம் சூடான காற்று வந்தால் பிராசசர் உழைக்கிறது. நிறத்தில், பிழைச்செய்தியோடு நீலமோ, விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் கறுப்போ கண்டால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

எஞ்சிய மூன்றும் பொருந்தா. காபி சிந்திய கீபோர்டை நாவால் சோதிக்க முற்பட வேண்டாம்.

6. சிகிச்சை

விளக்கு மினுக்கினால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுவதே முதல் மருந்து. ஐந்து தேர்வுகளிலும் உயிர்க்குறி இல்லையென்றால் பென் டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அழுத்தலாம். அடுத்தடுத்து எழ முடியாமல் தோற்ற விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் திரைக்கு வரும். கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்கவும், சேஃப் மோடில் நுழையவும் அங்கே வழி உண்டு.

எழுந்தபின் முதலில் பார்க்க வேண்டியது சி டிரைவில் உள்ள இடம். 80070070 என்று முடியும் பிழைக்குறி மந்திர எண் போலத் தோன்றும். அதன் கடைசி 70 பதினறும எண், நம் கணக்கில் 112, பொருள், இடமில்லை. இறக்கிய கோப்பே பழுதாகியிருந்தால், அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும். அடுத்த முறை எல்லாம் புதிதாக இறங்கும்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரண்டு கட்டளைகள் உண்டு. ஊரில் பலர் எஸ்எஃப்சியை முதலில் ஓட்டுகின்றனர். அது கெட்ட கோப்புக்கு மாற்றாக நல்ல பிரதியை விண்டோஸின் உள்கிடங்கிலிருந்து எடுக்கும். கிடங்கே கெட்டிருந்தால் எங்கே போகும்? கிடங்கைச் சரிசெய்வது டிஸ்மின் வேலை. ஆகவே டிஸ்ம் முன், எஸ்எஃப்சி பின். டிஸ்மும் நடுவழியில் நெடுநேரம் ஒரே எண்ணில் நிற்கும் குணமுடையது. அப்போது இக்கட்டுரையை மூன்றாம் பகுதியிலிருந்து மீண்டும் படிக்கவும்.

7. பனம்பழக் கோட்பாடு

களஆய்வு சிறுநகர் ஜெராக்ஸ் கடையொன்றில் நடந்தது. திரை 35 சதவீதத்தில் நின்றது.

“அண்ணே, இன்னைக்குத்தான் கடைசி நாளு.”

“எனக்கு மட்டும் தெரியாதா தம்பி? அரை மணி நேரமா இதே முப்பத்தஞ்சுதான்.”

கல்லூரி மாணவர் பென் டிரைவைப் பிடுங்கினார். லேமினேஷன் போடும் பையன் டேபிள் ஃபேனைக் கேபினெட் பக்கம் திருப்பினான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெட் கனெக்‌ஷனைக் கழற்றச் சொல்லிக் கழற்றவும் வைத்தார். கடைக்காரர், குண்டு மானிட்டர் காலத்துப் பழக்கத்தில், மானிட்டரின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார். ஆதார் நகல் எடுக்க வந்த மூதாட்டி மட்டும், “ஆளாளுக்கு எதுக்குய்யா நோண்டுறீங்க? சித்த நேரம் சும்மா விடுங்களேன்” என்றார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. இவ்வளவு நேரமும் கேபினெட்டின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதன்மேல் விலைப்பட்டியல் ஒட்டியிருந்ததால் பாதிதான் தெரிந்தது.

எண் 36 ஆயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஆனால் இங்கே ஒரே நேரத்தில் நான்கு காக்கைகள். நால்வரும் அன்று தத்தம் வைத்தியத்தோடு வீடு திரும்பினர். அடுத்த மாதம் நான்கு தெருக்களில் அது பரிந்துரைக்கப்படும். கணினி எப்படியும் தானே எழும் என்பதால் நான்கும் பலிக்கும். கணினி மருத்துவத்தில் கைகண்ட மருந்துகள் பெருகிய வரலாறு இதுவே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுபவரால்தான் காரணத்தைச் சொல்ல முடியும். அத்தகையவர் கடைசி நாளில் ஜெராக்ஸ் கடைக்கு வருவதில்லை.

8. முடிவுகளும் மேலாய்வும்

எண்ணைப் பார்க்காமல் விளக்கைப் பார்க்க வேண்டும். அப்டேட்டை நாமாகவே கடை சாத்தும் நேரத்தில், யூபிஎஸ் துணையோடு, முக்கியக் கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்துவைத்துவிட்டு ஓடவிட வேண்டும். விளக்கின்மேல் விலைப்பட்டியல் ஒட்டக் கூடாது.

அப்டேட் நல்லபடியாக முடிந்த மறுநாள் பிரிண்டர் ஏன் வேலை செய்வதில்லை என்பது இத்துறையின் அடுத்த பெரும் சிக்கல். அதை ஆராய ஆட்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டைப் பிரிண்ட் எடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதியால் எவரும் பதிவு செய்துகொள்ளவில்லை.