மூன்றாம் வகுப்பு டிக்டேஷன் நோட்டில் ஊமை எழுத்துகள்: ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலி ஏறத்தாழ 44. இருபத்தாறு பாயில் நாற்பத்துநான்கு பேரைப் படுக்கவைத்தால் என்ன ஆகுமோ அதற்கு ஸ்பெல்லிங் என்று பெயர். யார் கால் யார் மேல் கிடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே விதிகள் எழுந்தன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாக அமைகிறது. நோக்கம் இல்லாமலும் ஆராயலாம். நெறியாளர் கையெழுத்திட மாட்டார்.

2. ஆய்வு மூலங்கள்

முதன்மைச் சான்றாதாரம்: என் மகளின் டிக்டேஷன் நோட்டு (இனி, டி.நோ.). உலகில் ஒரே பிரதிதான் உள்ளது. முதல் நான்கு ஏடுகள் ராக்கெட் விடக் கிழிக்கப்பட்டமையால் கடவுள் வாழ்த்து கிடைத்திலது. துணைமைச் சான்றாதாரம்: இட்லி வேகும் நேரத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து அருளிய உரை.

3. முந்தைய ஆய்வுகள்

படிக்கவில்லை, மரபுப்படி மேற்கோள் மட்டும் காட்டப்படும்.

4. விதிகளின் வகைப்பாடு

4.1 பாடபேத இயல்

'பிகாஸ்' என்னும் சொல் நான்கு வடிவங்களில் காணப்படுகிறது (டி.நோ., ப. 9). ஓலைச்சுவடியில் ஒரு சொல் நான்கு விதமாகக் கிடைத்தால் பதிப்பாசிரியர் அதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் ஏற்றி மகிழ்வார். டிக்டேஷன் நோட்டில் கிடைத்தால் சிவப்பு மைச் சுழிதான். சரியான பாடத்தை நிறுவ ஆசிரியர்களிடையே ஒரு சூத்திரம் வழங்குகிறது. பெரிய யானைகள் சிறிய யானைகளை எப்போதும் புரிந்துகொள்ளும் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் அது. அதன் ஏழு சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'பிகாஸ்' வந்துவிடும். யானைக்கு என்ன ஸ்பெல்லிங் என்பது அடுத்த வாரப் பாடம்.

4.2 புணரியல்

'ரன்' முன் 'இங்' வர நடுவே இன்னோர் 'என்' முளைக்கிறது: தோன்றல். 'க்ரை' என்பதைப் படர்க்கையாக்கினால் 'ஒய்' போய் 'ஐ' வருகிறது: திரிதல். 'மேக்' முன் 'இங்' வர இறுதி 'ஈ' விழுகிறது: கெடுதல். 'ப்ளே' முன் 'இங்' வந்தால் ஒன்றும் நடப்பதில்லை: இயல்பு. நன்னூலின் இயல்பும் மூவகை விகாரமும் பிசகாமல் பொருந்துவதால், பவணந்தி முனிவர் லண்டன் போய்வந்தார் என்று உய்த்துணரலாம். இதை நீட்டி ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என எழுத ஒரு மாலைப்பொழுது போதும். எழுதினால் மாநாட்டில் பொன்னாடையும் நிச்சயம். இக்கட்டுரையாளருக்குப் பொன்னாடை ஏற்கெனவே இரண்டு இருப்பதால் மேற்செல்வோம்.

4.3 ஐ-ஈ முறைமை

உலகெங்கும் பிள்ளைகள் ஒப்பிக்கும் விதி இதுவே. தமிழ் மாணவர் நலன் கருதி நூற்பாவாக்கித் தருகிறேன்:

ஐமுன் நிற்ப ஈபின் நிற்குமே
சிமுன் வரினே நிலைதிரிந் தனவே.

இதற்குப் புறனடை: ஃபாரின், ஹைட், நெய்பர், வியர்ட், தேர். 'சி' முன் வந்தும் நிலை திரியாதன: சயின்ஸ், ஸ்பீஷீஸ், ஏன்ஷியன்ட். நம் இலக்கண நூல்களில் புறனடை கடைசியில் அடக்கமாக ஒரு நூற்பாவாக நிற்கும். இங்கே புறனடை வீட்டில் குடியிருக்கிறது, விதி திண்ணையில் படுத்திருக்கிறது. 2009இல் இங்கிலாந்து அரசே தன் ஆசிரியர்களுக்கான கையேட்டில் இவ்விதி கற்பிக்கத் தகுந்ததன்று என்று எழுதிவிட்டது. செய்தி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இன்னும் வந்து சேரவில்லை (டி.நோ., ப. 14, சிவப்பு மை, இருமுறை அடிக்கோடிட்டது).

4.4 இல்லாச் சொல்லியல்

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் வாசிப்புத் தேர்வில் 40 சொற்களில் 20 எந்த அகராதியிலும் இல்லாதவை. என் மகள் எழுதுபவையும் அப்படியே, மதிப்பெண் மட்டும் இல்லை.

5. ஊமை எழுத்தியல்

இதுவே ஆய்வின் உயிர்நாடி. ஊமை எழுத்து தலையூமை, இடையூமை, கடையூமை என முத்திறப்படும்.

கடையூமை 'மேக்' முதலியவற்றின் இறுதி 'ஈ'. தான் வாய் திறவாது. முன்னால் நிற்கும் உயிரைப் பேசவைக்கும். கட்சிகளில் இத்தகையோரைக் காணலாம். 'ஹேவ்', 'கிவ்', 'கம்' ஆகியவற்றில் அந்த வேலையையும் செய்யாமல் சம்பளம் வாங்கும்.

தலையூமை 'நைட்' என்னும் வீரனின் 'கே'. அது ஒரு காலத்தில் வாயாரப் பேசியது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபின் எழுத்து மெல்ல மெல்ல ஈயத்தில் உறைந்தது. நாக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 'கோஸ்ட்' என்னும் பேய்க்குள் 'எச்' புகுந்ததும் அவ்வச்சுக்கூடத்தின் ஃப்ளெமிஷ் பழக்கத்தால் என்பர். பேய்க்குள்ளேயே ஏதோ புகுந்துவிட்டதென்றால் அதை யாரிடம் காட்டி மந்திரிப்பது?

இடையூமைதான் விரித்துரைக்கத் தக்கது. 'டெட்', அதாவது கடன். இச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கற்றோர் சிலர், இதற்கு மூலமான லத்தீன் சொல்லில் 'பி' உண்டென்பதைத் தாம் அறிந்தவர் என ஊருக்குக் காட்ட அதை நடுவில் செருகினர். 'டவுட்'டிலும் அவ்வாறே. 'ரிசீட்'டில் 'பி' என்னும் வல்லெழுத்தையும் 'சாமன்' மீனில் 'எல்'லையும் இதே கைங்கரியத்தில் சேர்த்தனர். யாரும் உச்சரிக்கவில்லை. நெற்றியில் பட்டை போட்டதுபோல் அது பார்வைக்கு மட்டும்.

'ஐலண்ட்' இதனினும் உயர்ந்த சாதனை. அது கலப்பற்ற பழைய ஆங்கிலச் சொல்; லத்தீனோடு உறவே இல்லை. தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கு இது பேரன் என்று தவறாக நினைத்து ஓர் 'எஸ்' சேர்த்தார்கள். ஆக, அது அறிஞர்களின் ஸ்பெல்லிங் மிஸ்டேக். பிழை நிலைத்தது, பிழையில்லாமல் எழுதியவர்கள் பிழைகாரர் ஆயினர் (டி.நோ., ப. 22, இடது ஓரம், ரப்பர் தேய்த்து ஓட்டை விழுந்த இடம். ஓட்டையைச் சூழ்ந்த மஞ்சள் வளையம் காலத்தின் கறை என்பது என் துணிபு. சாம்பார் என்பது அடுப்படி உரைகாரர் துணிபு. உரைகாரர் கூற்றே வலியுடைத்து, வளையத்தில் கடுகும் ஒன்று ஒட்டியிருத்தலின்).

1598இல் அச்சான தம் நாடகம் ஒன்றில் ஷேக்ஸ்பியர் ஹோலோஃபெர்னிஸ் என்றொரு பள்ளியாசிரியரைப் படைத்தார். 'டெட்'டில் 'பி'யை ஒலிக்காமல் விடுகிறார்களே என்று அவர் நொந்துகொள்வார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பின்பு வீட்டுக்குப் போய் 'பி' போட்டே எழுதினார்கள்.

நாம் மட்டும் இதற்குச் சளைத்தவர்களா? கோயிலா கோவிலா, கறுப்பா கருப்பா என்று நம் புலவர்கள் தீர்த்துவைப்பதற்குள் சாமிக்கு அர்த்தசாமப் பூசை முடிந்துவிடும். வலி மிகுமா மிகாதா என்ற வழக்கில் ஒற்று போட்டவருக்கும் அடி, போடாதவருக்கும் அடி.

6. கள ஆய்வு

நேற்றிரவு தகவலாளரிடம் நேர்காணல் நிகழ்த்தப்பட்டது.

"அப்பா, அந்த 'பி'யைச் சொல்லவே மாட்டோம்ல? அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"பெரிய பெரிய அறிஞர்கள் சேர்த்ததும்மா."

"ஐலண்டுல?"

"அது அவங்க தப்பா சேர்த்தது."

"அவங்களுக்கு அஞ்சு தடவ எழுதச் சொல்லி யாரும் இம்போசிஷன் குடுக்கலையா?"

நேர்காணல் இத்துடன் முடிவுற்றது. ஆய்வாளரிடம் மேலும் வினா இல்லை.

7. முடிவுரை

ஸ்பெல்லிங் விதிகள் சொற்களுக்குப் பின்னே பிறந்தவை. ஆதலின் சொற்கள் அவற்றை மதிப்பதில்லை என்பது நிறுவப்பட்டது. படித்தவர் செய்த பிழை அகராதியில் ஏறும், பிள்ளை செய்த பிழை சிவப்பு மையில் ஏறும் என்பதும் நிறுவப்பட்டது. 'டெட்' என்றால் கடன். வாங்கியவர்கள் நானூறு ஆண்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சிறுமி ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்டபடி ஐந்து வரியாக வட்டி கட்டுகிறாள்.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். 'பி' இல்லாமல் 'டெட்' எழுதும் பிள்ளைக்கு முழுச் சுழி போடாதீர்கள். அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தே அப்படித்தான் எழுதியது.