கிண்ணமேந்திகள்

ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு குழந்தையின் பின்னால், இடக்கையில் எவர்சில்வர் கிண்ணமும் வலக்கை விரல்நுனிகளில் நெல்லிக்காய் அளவுள்ள பருப்புச் சோற்று உருண்டையுமாக, வீட்டின் எல்லை எங்கே முடிகிறதென்று பாராமல் நடந்துகொண்டே இருக்கும் மனிதரைக் கிண்ணமேந்தி என்று இக்கட்டுரை வழங்கும். இவ்வினத்தில் பாட்டியரே பெரும்பான்மையர். தாய்மார் அடுத்த நிலையினர். தந்தையரோ வலசைப் பறவைகளைப் போல ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தென்பட்டு, மூன்றாவது வாயிலேயே பொறுமையிழந்து, கிண்ணத்தை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துவிடுவர். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இவர்களை மேலும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இவ்வினத்தார் அனைவருக்கும் பொதுவான முறையீடு ஒன்று உண்டு. "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்" என்பது அதன் வாசகம். இதில் வரும் 'ஒண்ணுமே' என்னும் சொல் அகராதிப் பொருளில் ஆளப்படுவதில்லை. காலையில் பாதி இட்லி, பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம், பதினொன்றுக்கு இரண்டு பிஸ்கட், பிற்பகலில் மீண்டும் இரண்டு பிஸ்கட், இடையிடையே அழுகை எழுந்தபோதெல்லாம் ஒரு பாட்டில் பால் ஆகியவை நீங்கலாக ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். கிண்ணத்தின் வழியாக வயிற்றுக்குள் செல்லாத எதுவும் உணவுக் கணக்கில் சேராது என்பது கிண்ணமேந்திகளின் எழுதப்படாத விதி.

கிண்ணத்தை நிரப்பும் வேலை மாலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டுக் குழைய எடுத்த சோற்றில், வெந்த துவரம்பருப்பும் துளி பெருங்காயமும் உருக்கிய நெய்யும் சேர்த்து, ஒரு பருக்கைகூடத் தனித்து நில்லாதபடி அது கையால் மசிக்கப்படும். சத்து என்னும் சரக்கு கடத்தப்படுவது இதற்குள்தான். துருவிய கேரட்டும் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் சுங்கச் சோதனைக்கு அஞ்சும் பொருள்களைப் போலச் சோற்றுக்குள் புதைக்கப்படும். ஆனால் சுங்க அதிகாரி இரண்டு வயதினர் எனினும் கண்டிப்பானவர். உருண்டையை நாவால் புரட்டிப் புரட்டிச் சோதித்து, சோற்றை மட்டும் விழுங்கிவிட்டு, கடுகளவு கீரைத் துணுக்கை நாநுனியில் ஏற்றி வெளியே நீட்டிக் காட்டுவார். பெரியவர்களுள் எவராலும் செய்யவியலாத இந்த நுட்பமான வேலையைச் செய்யும் குழந்தையைத்தான் மெல்லவும் தெரியாத பிள்ளை என்று சொல்கிறார்கள்.

கூடத்தில் இரண்டு வாயும் பால்கனியில் காக்கையின் துணையோடு ஒரு வாயும் உள்ளே சென்ற பின்பு, களம் லிஃப்டுக்கு மாறும். கதவு மூடிய பிறகு குழந்தைக்குத் தப்ப வழியில்லை என்பதாலும், சிவப்பு எண் மாறும்போதெல்லாம் அது வியந்து வாய் பிளக்கும் என்பதாலும், தளத்துக்கு ஒரு வாய் என்ற கணக்கில் நான்கு தளங்களுக்கு நான்கு வாய் தேறும். லிஃப்ட் வரவேயில்லை என்று மேல்மாடியிலிருந்து எவரேனும் குறைகூறினால் "குழந்தை சாப்பிடுதுங்க" என்பதே மறுமொழி. அந்த மறுமொழிக்கு மேல் வாதாடும் துணிவு தமிழர் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்நான்கு வாயும் வயிற்றைச் சென்றடைந்தன என்று கொள்வது மட்டும் பிழை. குழந்தையின் வலக்கன்னம் ஒரு களஞ்சியம். 'அடக்கிக்கிறான்' என்று வீட்டார் சொல்லும் இச்செயலில், சோறு விழுங்கப்படாமலும் துப்பப்படாமலும் கன்னத்துக்குள் அரைமணி நேரம் ஒதுங்கியிருந்து, பின்னர் யாரோ ஒருவருடைய புதிய காரின் அருகே மொத்தமாக வெளிவரும்.

வாயைத் திறக்கச் செய்யும் உத்திகளைப் பொறுத்தவரை கிண்ணமேந்திகள், தாம் அறியாமலேயே, ஒரு பழைய இலக்கிய மரபின் வாரிசுகள். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் ஏழாவது அம்புலிப் பருவம். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது அது. நிலவு எளிதில் வராது என்பதால் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாண்டனர். நிலவும் குழந்தையும் ஒத்தவர்கள் என்று இணக்கமாகப் பேசுவது சாமம். நிலவு குழந்தைக்கு ஈடாகாது என்று வேற்றுமை காட்டுவது பேதம். வந்தால் கிடைக்கும் நன்மையைச் சொல்வது தானம். வராவிட்டால் நேரும் கேட்டைச் சொல்லி அச்சுறுத்துவது தண்டம். பிள்ளைக்கவி பாடுவோருக்கு அம்புலி புலி என்று புலவரே அஞ்சிய அப்பகுதியைக் கிண்ணமேந்திகள் நாள்தோறும் மூன்று வேளை பாடுகின்றனர். "அப்பா மாதிரி பெரிய ஆளாக வேணாமா? ஆ காட்டு" என்பது சாமம். "எதிர்வீட்டுப் பாப்பா ரெண்டு தோசை சாப்பிட்டுட்டா, நீ?" என்பது பேதம். "இந்த ஒரு வாய் வாங்கிக்கோ, சாக்லேட் தரேன்" என்பது தானம். சாக்லேட் பரிசு என்றால் அதற்கு முன் வருவது தண்டனையாகத்தான் இருக்கவேண்டும் என்று குழந்தை சரியாகவே ஊகித்துக்கொள்வதால், இவ்வழி நாளடைவில் பருப்புச் சோற்றின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. தண்டத்துக்குரிய தெய்வங்கள் மூவர்: பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர், கீழே நாற்காலியில் அமர்ந்திருக்கும் வாட்ச்மேன் மாமா. நிலவும் இறங்கி வந்ததில்லை, வாயும் திறந்ததில்லை.

நான்கும் தோற்றபின் கைபேசி வெளிவரும். திரையில் ஆடும் யானையைப் பார்த்தபடி குழந்தை வாய் திறக்கும், மூடும், விழுங்கும். கிண்ணம் பத்தே நிமிடத்தில் காலியாகும். உண்பது சோறா கீரையா என்பதும், வயிறு நிறைந்ததா இல்லையா என்பதும் அதற்குத் தெரியாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிவிட்டது. எனினும், காலியான கிண்ணத்தைக் கழுவப்போடும் இன்பத்துக்கு முன்னால் எந்த வழிகாட்டுதலும் எடுபடுவதில்லை.

குழந்தை ஏன் உண்ண மறுக்கிறது என்ற கேள்விக்குக் கிண்ணமேந்திகளிடம் விடைகள் ஏராளம். கண்ணேறு என்பர், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவர். மாந்தம் என்பர், அதாவது குழந்தைகளுக்கு வரும் செரியாமை, வசம்பு சுடுவர். தொக்கம் என்பாரும் உண்டு. உண்டது தொண்டையிலோ குடலிலோ சிக்கிக் கிடக்கிறது என்பது இந்நம்பிக்கை, அதை எடுத்துக்காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்குவோரும் உளர். உண்மையான விடை இவற்றைவிடச் சுவையற்றது: குழந்தைக்குப் பசியில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையின் இடைநிலை அளவின்படி, 3.3 கிலோவாகப் பிறக்கும் ஆண் குழந்தை ஓராண்டு நிறைவில் 9.6 கிலோ ஆகிறது; அடுத்த ஓராண்டு முழுவதும் முயன்று 12.2 கிலோவைத்தான் எட்டுகிறது. முதலாண்டில் ஆறு கிலோவுக்கு மேல் ஏறிய உடம்பு இரண்டாம் ஆண்டில் இரண்டரை கிலோவோடு நின்றுகொள்ளும்போது, பசியும் அதற்கேற்பச் சுருங்குவது இயற்கை. கணக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்டது என்று கிண்ணமேந்தி தள்ளிவிடுவார்; அவ்வளவைகளுக்குக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்த ஆறு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று, எடைபோட்ட இடம் தில்லி. ஒவ்வோர் உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது குழந்தை மருத்துவர்கள் தோராயமாகச் சொல்லும் அளவு. இரண்டு வயதுக்கு இரண்டு கரண்டி. கிண்ணம் கொள்வதோ பத்துக் கரண்டி, அது நிரப்பப்பட்டபோது உண்பவரைக் கேட்டவர் எவருமில்லை. எடைக்கோடு மாதக்கணக்கில் சரிந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது லிஃப்டில் ஏறியிறங்குவது வீண்.

பசி சுருங்கும் இதே பருவத்தில் இன்னொன்றும் தலைதூக்குகிறது. முன்பின் கண்டிராத உணவைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பைப் புத்துணவு அச்சம் என்று சொல்லலாம். கண்ட இலையையும் காயையும் வாயில் போடாமல், நடக்கத் தொடங்கிய குழந்தையைக் காப்பதற்காக இது அமைந்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிப்பர். ஓர் உணவைக் குழந்தை ஏற்கவேண்டுமானால் அதை வற்புறுத்தலின்றி எட்டு முதல் பதினைந்து முறைவரை அதன்முன் வைக்கவேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிண்ணமேந்தியின் பொறுமை இரண்டு முறை. மூன்றாம் நாள் "அவனுக்குக் கீரைன்னாலே பிடிக்காது" என்ற தீர்ப்பு குழந்தையின் காதுபடவே வழங்கப்படுகிறது. பெயர் சூட்டு விழாவுக்குப் பின் அதற்குச் சூட்டப்படும் இரண்டாவது பெயர் அது. குழந்தையும் அப்பெயருக்கு ஏற்ப நடந்துகொள்கிறது.

சோறு தோற்ற இரவுகளில் "வெறும் வயித்தோட தூங்கக் கூடாது" என்று கொடுக்கப்படும் பால்தான் மறுநாள் சோற்றையும் தோற்கடிக்கிறது. நாளுக்கு அரை லிட்டரை மிஞ்சும் பால் வயிற்றை அடைத்துக்கொண்டு வேறு உணவுக்கு இடம் விடுவதில்லை. பாலிலோ இரும்புச்சத்து மிகக் குறைவு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. வசதியுள்ள வீடுகளில் அவற்றுள் ஒன்று பால் பாட்டில்.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவர் 1926-இல் தொடங்கி நடத்திய ஒரு சோதனை, கிண்ணமேந்திகளுக்கு என்றே நடத்தப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். தாய்ப்பால் மறந்த பச்சிளங் குழந்தைகள் பதினைவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, காய், கனி, தானியம், முட்டை, மீன், இறைச்சி, பால் என 34 வகை உணவுகளிலிருந்து வேளைக்குச் சிலவற்றை அவர்கள்முன் பரப்பினார். கையாலோ வேறெப்படியோ வேண்டியதை வேண்டியமட்டும் அவர்களே எடுத்துண்டனர். செவிலியரின் பணி, கையில் கரண்டியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பது. குழந்தை தானே நாடினாலொழிய ஊட்டக்கூடாது, உண்டதைப் பாராட்டவும் கூடாது, உண்ணாததைக் கண்டிக்கவும் கூடாது. குழந்தைகள் விசித்திரமான உணவுச் சேர்க்கைகளை உண்டும் நன்றாக வளர்ந்தனர். பரப்பிய பட்டியலில் சர்க்கரைப் பண்டம் எதுவும் இல்லை என்பதுதான் சூட்சுமம் என்று டேவிஸ் தாமே ஒப்புக்கொண்டார். பிஸ்கட் டப்பா எட்டும் தொலைவில் இருக்கும் வீட்டில் இச்சோதனை பலிக்காது. ஆயினும் அச்செவிலியரின் நாற்காலியில் ஒரு கிண்ணமேந்தியை ஐந்து நிமிடம் உட்காரவைக்க முடிந்தால் அதுவே பெரிய ஆராய்ச்சி. எலின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியலாளர் பின்னாளில் வகுத்த பங்கீடும் இதையே சொல்கிறது: என்ன, எப்போது, எங்கே என்பவை பெற்றோர் பொறுப்பு, உண்பதா, எவ்வளவு என்பவை குழந்தையின் பொறுப்பு. இதைக் கேள்வியுற்ற மருமகள், "அத்தை, விரட்டி விரட்டி ஊட்டாம அவனையே எடுத்துச் சாப்பிட விடச் சொன்னாங்க டாக்டர்" என்று மெல்ல எடுத்துச் சொன்னால், "உன் புருஷனை நான் ஊட்டித்தானேம்மா வளர்த்தேன்?" என்ற விடை வரும். அப்புருஷர் முப்பத்தைந்து வயதிலும் கத்தரிக்காயையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே மருமகள் வாய் திறவாமல் இருப்பார்.

டேவிசுக்கும் சாட்டருக்கும் போகாமலே இதைக் கற்றிருக்கலாம். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய குழந்தை, நெய்ச்சோற்றைத் தானே தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. வள்ளுவர் அமிழ்தினும் இனிதென்ற கூழ் குழந்தையின் சிறு கை அளாவியது. இரண்டிலும் பாத்திரத்துக்குள் இருப்பது குழந்தையின் கை. இவற்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற கிண்ணமேந்திகளும் உளர். பேரனின் கை கிண்ணத்தை நெருங்கியதும், சோபா உறை பாழாகிவிடும் என்று அதைத் தட்டிவிடுவோரும் அவர்களே.

எட்டு மணிக்கு, தண்டத்தின் தெய்வமாக அதுவரை காட்டப்பட்ட வாட்ச்மேன் தம் டிபன் டப்பாவைத் திறப்பார். புளிக்குழம்பு பிசைந்த சோறும் கீரைப் பொரியலும் அதில் இருக்கும். பூச்சாண்டிக்கு அஞ்சாத குழந்தை வாட்ச்மேனுக்கும் அஞ்சாது. அருகில் சென்று குந்தி, அழைப்புக்குக் காத்திராமல் கையைவிட்டு ஒரு பிடி கீரையை அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கும். "சாப்பிடட்டும் விடுங்கம்மா" என்பார் அவர். கிண்ணமேந்தி முகம் சுளித்துப் பேரனைத் தூக்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடப்பார். அன்றிரவு மகனிடம் குழந்தை ஒண்ணுமே சாப்பிடவில்லை என்றே தெரிவிப்பார்.

கிண்ணத்தில் எஞ்சிய சோற்றை வீணாக்க அவருக்கு மனம் வராது. நெய்யும் பருப்புமாக அது பத்தரை மணிக்கு அவருடைய இரண்டாம் இரவுணவாகிறது. மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கும்போது, குழந்தையின் எடை அட்டவணைப்படி கூடியிருக்கும். கிண்ணமேந்தியின் எடை அதைவிட அதிகமாகக் கூடியிருக்கும்.